பாட்டிலோடு மல்லுக்கட்டாமல்: குடிநோய் மீட்சியில் தாவோயியத்தின் இடம்

குடிப்பழக்கத்திலிருந்து மீள நினைப்பவருக்குச் சுற்றம் முழுவதும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: மனசு வைத்தால் விட்டுவிடலாம். அக்கறையோடு சொல்லப்படும் இந்த அறிவுரை நோயின் மையத்தைத் தவறவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2019இல் உலகெங்கும் சுமார் 40 கோடிப் பேர் மதுப்பயன்பாட்டுக் கோளாறோடு வாழ்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 20.9 கோடிப் பேர் மதுச்சார்பு என்ற கடுமையான நிலையில் இருந்தார்கள். அந்த ஓராண்டில் மட்டும் 26 லட்சம் மரணங்களுக்கு மது காரணமாக இருந்தது. இத்தனை பேரும் மனசு வைக்காதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட ‘டிஎஸ்எம் 5’ கையேடு, இந்தக் கோளாறை அடையாளம் காணப் பதினொரு அளவுகோல்களைத் தருகிறது. குடியைக் குறைக்கும் விருப்பம் நீடிப்பதும் அதற்கான முயற்சிகள் தோற்பதும் அவற்றுள் ஒன்று. விட நினைத்துத் தோற்பதைச் சமூகம் ஒழுக்கக் குறையாகப் பார்க்கிறது. மருத்துவம் அதை நோயின் அறிகுறியாகவே எண்ணுகிறது. குடிநோயாளி பெரும்பாலும் முயன்று முயன்று களைத்தவர். ஆகவே, அவர் எவ்வளவு முயன்றார் என்று கேட்பதைவிட, எந்த விதமாக முயன்றார் என்று கேட்பதே பயன் தரும்.

சீனத்தின் தாவோயியச் சிந்தனை இந்தக் கேள்வியை ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கையில் வைத்திருக்கிறது. ஒரு காரியத்தை வலிந்து செய்யும்போது அதே வலிமை எப்படி அந்தக் காரியத்தைக் கெடுக்கிறது, வலியாமல் செய்வது எப்படிக் கைகூடும் என்பதே லாவோ ட்சு, சுவாங் ட்சு ஆகியோரின் பெயரால் வழங்கும் நூல்களின் நீங்காத அக்கறை. மதுவோடு போராடுவது, மதுவிடம் விழுவது என்ற இரண்டு நிலைகளுக்கு வெளியே மூன்றாவதாக ஒரு நிலை உண்டு. அது போட்டியிலிருந்தே விலகும் நிலை. அந்த நிலைக்கு மிகத் தெளிவான விளக்கத்தைத் தாவோயியம் தருகிறது என்பதும், இன்றைய உளவியல் ஆய்வுகள் வேறு வழிகளில் சென்று அதே இடத்தை நெருங்கியிருக்கின்றன என்பதும் இக்கட்டுரையின் வாதம். முதலில் ஓர் எல்லையைக் குறித்துவிட வேண்டும். நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது வலிப்பும், மனக்குழப்பத்தோடு கூடிய கடும் நடுக்கமும் வரலாம்; அவை உயிரைப் பறிக்கக் கூடியவை. நெடுங்குடியோடு சேர்ந்து வரும் தையமின் (வைட்டமின் பி1) குறைவு மூளையை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடும். இவற்றுக்கு மருத்துவரும் மருந்தும் தேவை. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் பின்னரும் பலருக்கு உதவுகின்றன. தாவோயியம் துணையாக வருவது, உடல் தெளிந்த பிறகு தொடங்கும் நீண்ட மாதங்களில்தான்.

முயற்சியே பொறியாகும் இடம்

மானுடவியலாளர் கிரிகரி பேட்சன், கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றியபோது குடிநோயாளிகளோடு பழகியவர். அந்த அனுபவத்திலிருந்து 1971இல் அவர் வெளியிட்ட ‘தன்னிலையின் சைபர்நெட்டிக்ஸ்’ என்ற கட்டுரை, குடிநோய் பற்றிய சிந்தனையில் தனி இடம் பெற்றது. குடிநோயாளியின் சிக்கல் அவர் குடித்திருக்கும் வேளையில் தொடங்குவதில்லை, தெளிந்திருக்கும் வேளையிலேயே தொடங்குகிறது என்றார் பேட்சன். தெளிந்திருக்கும் மனிதர் தன்னை இரண்டாகப் பிளந்துகொள்கிறார்: ஒரு பக்கம் ‘நான்’ என்ற மன உறுதி, மறு பக்கம் வெல்லப்பட வேண்டிய பாட்டில். ‘என்னால் முடியும்’ என்ற சவாலே அவருடைய பெருமிதமாகிறது. சில வாரங்கள் குடிக்காமல் இருந்து வென்றுவிட்டால் சவால் தீர்ந்துபோகிறது. தீர்ந்துபோன சவால் பெருமிதத்துக்குத் தீனி போடாது. கட்டுப்பாடு தன் கையில் இருப்பதைச் சோதித்துப் பார்க்க ஒரே ஒரு கிளாஸ் என்று கை நீள்கிறது. சரிக்குச் சரியாக நிற்கும் இந்தப் போட்டியில் வெற்றி, தோல்வி இரண்டுமே மதுவை நோக்கித்தான் இட்டுச் செல்கின்றன. போதை வந்ததும் பிளவு கொஞ்ச நேரம் மறைகிறது. பிறரோடும் உலகோடும் ஒன்றாகிவிட்ட உணர்வு கிடைக்கிறது. ஆகவே போதை என்பது தெளிந்த நிலையின் பிழையைத் திருத்த மனம் தேடிக்கொண்ட தவறான குறுக்குவழி என்று பேட்சன் கண்டார்.

1935இல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் இந்தப் போட்டியை முதல் படியிலேயே கலைக்கிறது. மதுவின் முன் தன் பலம் செல்லாது என்று ஒப்புக்கொள்வதே அதன் பன்னிரண்டு படிகளின் தொடக்கம். அந்த ஒப்புதல் மனதில் என்ன செய்கிறது என்பதை உளவியல் மருத்துவர் ஹாரி டீபௌட் 1940களில் ‘சரணடைதல்’ என்ற பெயரில் ஆராய்ந்தார். வாயளவில் இணங்குவதும் உள்ளம் உண்மையாகவே போராட்டத்தைக் கைவிடுவதும் வேறு வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்களையும் தொகுத்து 2020இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, இந்த இயக்கத்தோடு இணைக்கும் முறையான சிகிச்சைகள், தொடர்ந்து குடிக்காமல் இருக்க உதவுவதில் ஏனைய உளவியல் சிகிச்சைகளைவிட மேம்பட்டவை என்று கண்டது. சரணடைதல் வேலை செய்கிறது என்று கொள்ள நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் யாரிடம் சரணடைவது? அந்த இயக்கம் ‘மேலான சக்தி’ ஒன்றைச் சொல்கிறது. அதை அவரவர் விரும்பியபடி புரிந்துகொள்ள அனுமதிக்கிறது. அப்படியிருந்தும் அந்தச் சக்தி பெரும்பாலும் கட்டளையிடும், மன்னிக்கும், தண்டிக்கும் கடவுளாகவே மனதில் வந்து நிற்கிறது. அப்படியொரு கடவுளை ஏற்க முடியாதவர்களும், கடவுளின் பெயரால் முன்பே காயப்பட்டவர்களும் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

தாவோயியத்தின் முதல் பயன் இங்கே தெரிகிறது. தாவோ கட்டளையிடுவதில்லை, கணக்குப் பார்ப்பதில்லை, தன்னை வணங்கச் சொல்வதுமில்லை. அது உலகம் இயங்கும் போக்கு. அதன்முன் பணிவதென்றால் யாருக்கும் அடிமைப்படத் தேவையில்லை. நடப்பதை நடக்கிறபடியே ஏற்று அதற்கேற்ப அசைந்தால் போதும். மதுவின் வேதியியல் தன் உடலில் எப்படி இயங்குகிறது என்ற உண்மையும் அந்தப் போக்கில் அடங்கியதே. இந்த இணைப்புக்கு வரலாற்றில் ஒரு முன்சாயலும் உண்டு. ரிச்சர்ட் வில்ஹெல்ம் மொழிபெயர்த்த ‘பொன் மலரின் ரகசியம்’ என்ற தாவோயிய நூலுக்குக் கார்ல் யூங் 1929இல் விரிவான உரை எழுதினார். தன்னிடம் வந்தவர்களில் சிலர் தங்கள் பெருஞ்சிக்கலைத் தீர்க்காமலே அதைத் தாண்டி வளர்ந்துவிட்டதையும், நடப்பதை நடக்கவிடும் தாவோயியக் கலை அதற்கு உதவுவதையும் அதில் பேசினார். அதே யூங்தான், தன்னிடம் வந்த ரோலண்ட் ஹசார்ட் என்ற அமெரிக்கக் குடிநோயாளியிடம் ஆழ்ந்த அகமாற்றம் ஒன்றே அவரைக் காக்கும் என்று சொன்னார். அந்தச் சொல் பலர் வழியாகப் பில் வில்சனை எட்டியதை 1961இல் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் உறுதி செய்கின்றன. தாவோயியம்தான் அந்த இயக்கத்தைப் பிறப்பித்தது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. இரண்டுக்கும் பொதுவான ஓர் உள்ளுணர்வு இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

வலியாமல் செய்வது

லாவோ ட்சுவின் பெயரால் வழங்கும் ‘தாவோ தே ஜிங்’ ஏறத்தாழ ஐயாயிரம் சீன எழுத்துகளில், 81 அத்தியாயங்களில் அமைந்த சிறு நூல். 1973இல் ஹுனான் மாநிலத்தின் மவாங்துய் கல்லறையில் பட்டுத்துணியில் எழுதப்பட்ட பிரதிகளும், 1993இல் ஹூபெய் மாநிலத்தின் குவோடியன் கல்லறையில் மூங்கில் பட்டிகைகளும் கிடைத்தன. பொ.ஆ.மு. 300ஐ ஒட்டியே அந்நூலின் பகுதிகள் புழக்கத்தில் இருந்தன என்பதை இவை காட்டின. நூலின் நடுநாயகமான கருத்து வூ வெய். வலிந்து செய்யாத செயல். சோம்பி இருப்பதற்கு அது வக்காலத்து அன்று. 63, 64ஆம் அத்தியாயங்கள் இதைத் தெளிவாக்குகின்றன. பெரிய காரியத்தை அது சிறியதாக இருக்கும்போதே கவனிக்கச் சொல்கிறார் லாவோ ட்சு. தொல்லை தலையெடுக்கும் முன்பே அதைக் கையாளச் சொல்கிறார். முடிவை நெருங்கும்போதுதான் மனிதர்கள் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று எச்சரிக்கிறார். மதுக்கடை வாசலில் நின்று மனதோடு போராடுபவர் ஏற்கெனவே தாமதித்துவிட்டார். மாலை ஆறு மணிக்கு அந்தத் தெரு வழியாக வீடு திரும்பலாம் என்று முடிவெடுத்த கணத்தில், பகலில் சாப்பிடாமல் விட்டபோது, நண்பரின் அழைப்புக்குத் தயங்கித் தலையாட்டியபோது, காரியம் சிறியதாக இருந்தது.

இது வெறும் நல்லுரை இல்லை என்பதற்கு உளவியலில் ஆதாரம் உண்டு. வில்ஹெல்ம் ஹோஃப்மனும் அவருடைய குழுவினரும் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பகுதியில் 205 பேரை ஒரு வாரம் பின்தொடர்ந்து, நாள்தோறும் எழும் ஆசைகளையும் அவற்றை எதிர்த்துப் போராடிய தருணங்களையும் பதிவு செய்தார்கள். 2012இல் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவு பலரையும் யோசிக்க வைத்தது. தன்னடக்கம் மிகுந்தவர்கள் அதிகமாகப் போராடியவர்கள் அல்லர். அவர்களுக்குப் போராட வேண்டிய தருணங்களே குறைவாக வந்தன. வாழ்க்கையை அவர்கள் அமைத்துக்கொண்ட விதமே பாதி வேலையை முடித்துவிட்டது. போராட்டம் மறுவிளைவு தரும் என்பதற்கும் சான்று உண்டு. வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளப்பட்ட மாணவர்களின் மனதில் அந்தக் கரடி திரும்பத் திரும்ப வந்ததை டேனியல் வெக்னர் 1987இல் காட்டினார். புகைபிடிப்போரிடம் 2010இல் நடந்த ஓர் ஆய்வில், புகைக்கும் எண்ணத்தை ஒரு வாரம் அடக்கியவர்கள் அந்த வாரம் குறைவாகப் புகைத்து, அடக்குவதை நிறுத்திய அடுத்த வாரம் மற்றவர்களைவிட அதிகம் புகைத்தார்கள். அடக்கிய எண்ணம் ஒழிவதில்லை, காத்திருக்கிறது.

அப்படியானால் வேட்கை எழும் கணத்தில் என்ன செய்வது? சுவாங் ட்சு நூலின் மூன்றாம் அத்தியாயத்தில் மாட்டை அறுக்கும் சமையற்காரர் டிங் இதற்கு ஒரு மாதிரியைத் தருகிறார். சாதாரணச் சமையற்காரர் மாதம் ஒரு கத்தியை மாற்றுகிறார், ஏனென்றால் அவர் எலும்பை வெட்டுகிறார். டிங்கின் கத்தி பத்தொன்பது ஆண்டுகளாக மழுங்கவில்லை. மூட்டுகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தில் அவர் கத்தியைச் செலுத்துகிறார். சிக்கலான முடிச்சு வரும்போது வேகத்தைக் குறைத்து, பார்வையைக் குவித்து, மிக மெதுவாக அசைகிறார். குடிவேட்கை கெட்டியான ஒரே பாறைபோல் தோன்றினாலும் கவனித்துப் பார்ப்பவருக்கு அதில் மூட்டுகள் தெரியும்: தொண்டையில் ஒரு வறட்சி, நெஞ்சில் ஓர் இறுக்கம், ஒரு பழைய காட்சி, யார் மீதோ ஒரு கோபம். எழுந்து, உச்சிக்குப் போய், தணியும் அதன் போக்கும் தெரியும். உளவியலாளர் ஆலன் மார்லட் கற்பித்த ‘வேட்கையின் அலைமீது மிதத்தல்’ என்ற பயிற்சி இதைத்தான் செய்யச் சொல்கிறது. அந்தப் பயிற்சியை உள்ளடக்கிய விழிப்புநிலைச் சிகிச்சையை சாரா போவெனும் குழுவினரும் 286 பேரிடம் சோதித்து 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓராண்டு முடிவில், வழக்கமான மறுவீழ்ச்சித் தடுப்புப் பயிற்சி பெற்றவர்களைவிட இவர்கள் போதைப்பொருள் பயன்படுத்திய நாட்களும் மிதமிஞ்சிக் குடித்ததும் குறைவு. அந்தச் சிகிச்சையின் வேர் பௌத்தத்தில் இருக்கிறது. ஆனால் வேட்கையை எதிரியாக நிறுத்தாமல் அதன் போக்கை அறிந்து கடப்பது என்ற அதன் அச்சாணி, டிங்கின் கத்தி போகும் பாதைதான்.

மனதின் நோன்பு

தாவோயியத்தின் தனித்த பங்களிப்பு என்று நான் கருதுவது சுவாங் ட்சுவின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. கொடுங்கோல் அரசன் ஒருவனைத் திருத்தப் புறப்படும் யென் ஹுய்யிடம், முதலில் நோன்பு இரு என்கிறார் கன்பூசியஸ். தன் வீடு ஏழை வீடு, பல மாதங்களாக மதுவும் இல்லை, ஊனும் இல்லை, இது நோன்பாகாதா என்று கேட்கிறார் சீடர். அது பலியிடும் சடங்குக்கான நோன்பு, மனதின் நோன்பு வேறு என்பது ஆசிரியரின் பதில். காதால் கேட்பதையும் மனதால் கேட்பதையும் கடந்து, எதையும் முன்கூட்டியே பற்றிக்கொள்ளாத வெறுமையோடு காத்திருப்பதே மனதின் நோன்பு என்று அவர் விளக்குகிறார். அதைப் புரிந்துகொண்ட சீடர், இதற்கு முன் ஹுய் என்று ஒருவன் இருந்தான், இப்போது அவன் இல்லை என்ற பொருளில் பதில் சொல்கிறார். மது அருந்தாமல் இருப்பதை மீட்சியிலிருந்து இவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் காட்டும் பழைய உரையாடல் அரிது. குடியை நிறுத்திய பிறகும் அதே மனக்கசப்பு, அதே பெருமிதம், உலகம் தன் விருப்பப்படி நடக்க வேண்டும் என்ற அதே பிடிவாதம் ஆகியவற்றோடு வாழ்பவர்களை மீட்புக் குழுக்கள் நன்கு அறியும். பாட்டில் போயிருக்கும், பாட்டிலைத் தேவையாக்கிய மனம் அப்படியே இருக்கும். பேட்சன் சொன்ன பிளவுண்ட ‘நான்’ அங்கேயே நிற்கும். மது இல்லாத வாழ்வு நிலைக்க வேண்டுமானால் அந்த ‘நான்’ தளர வேண்டும். 48ஆம் அத்தியாயத்தில் லாவோ ட்சு இதையே நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே போகும் பயிற்சியாகச் சொல்கிறார். மீட்சியைச் சாதனைகளின் சேர்ப்பாக எண்ணும் பழக்கத்துக்கு இது நல்ல மாற்று.

தவறி விழும் நாளிலும் இந்தப் பார்வை உதவுகிறது. மார்லட்டும் ஜூடித் கோர்டனும் 1985இல் வெளியிட்ட நூலில் ஒரு விளைவை விவரித்தார்கள். குடிக்கவே மாட்டேன் என்று உறுதி எடுத்தவர் ஒரு கிளாஸ் குடித்துவிட்டால், குற்றவுணர்வும் ‘எல்லாம் போயிற்று’ என்ற எண்ணமும் சேர்ந்து அவரை முழுக்குடிக்குள் தள்ளிவிடுகின்றன. சறுக்கலைவிடச் சறுக்கலுக்குத் தரும் பொருளே பெரிய கேடு செய்கிறது. லாவோ ட்சு, சுவாங் ட்சு நூல்களில் பாவம் என்ற கணக்கேடு இல்லை. திரும்பி வருவதே தாவோவின் இயக்கம் என்று 40ஆம் அத்தியாயமும், நல்லவருக்குச் செல்வமாக இருப்பது நல்லவர் அல்லாதவருக்கும் புகலிடம் என்று 62ஆம் அத்தியாயமும் கருதுகின்றன. ஒரு நாள் சறுக்கியவர் அன்றே திரும்ப முடியும் என்பது இங்கே சலுகையாகச் சொல்லப்படவில்லை. உலகத்தின் இயல்பாகச் சொல்லப்படுகிறது.

சாங்ஷாவின் சான்று

தாவோயியத்தை மருத்துவமனைக்குள் கொண்டுவந்து சோதித்தவர்கள் உண்டு. மவாங்துய் பட்டுப் பிரதிகள் கிடைத்த அதே சாங்ஷா நகரில், ஹுனான் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் யாங் டெசென், ஜாங் யாலின் ஆகிய மனநல மருத்துவர்கள் தாவோயிய அறிவுசார் உளச்சிகிச்சை ஒன்றை உருவாக்கினார்கள். நோயாளியின் நெருக்கடிகளைக் கண்டறிந்து, அவருடைய விழுமியங்களை வரிசைப்படுத்தி, மோதல்களையும் சமாளிக்கும் முறைகளையும் ஆராய்ந்து, பிறகு 32 சீன எழுத்துகளில் சுருக்கப்பட்ட தாவோயிய நெறிகளை வாழ்க்கையில் பழக்குவது அதன் முறை. ஆசைகளை மட்டுப்படுத்துவது, எங்கே நிறுத்துவது என்று அறிவது, போட்டியிடாமல் முழுமையாக உழைப்பது, மென்மையால் கடினத்தை வெல்வது ஆகியவை அந்த நெறிகளில் அடங்கும். பொதுப் பதற்றக் கோளாறு உள்ள 143 பேரிடம் இச்சிகிச்சை, பென்சோடயாஸெபின் மருந்து, இரண்டும் சேர்ந்தது என்று மூன்று விதமாகச் சோதித்து 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு மாத முடிவில் மருந்து மட்டும் பெற்றவர்களிடம் அறிகுறிகள் விரைவாகத் தணிந்திருந்தன. ஆறு மாத முடிவில் அந்தப் பலன் நிலைக்கவில்லை. தாவோயியச் சிகிச்சையின் பலன் மெதுவாக வந்தது, ஆறாம் மாதத்தில் உறுதியாகத் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு விரைவும் நிலைப்பும் கிடைத்தன.

இந்த ஆய்வு பதற்றத்தைப் பற்றியது. மதுவைப் பற்றியது அன்று. எனவே இதை மதுச்சார்புக்கான நிரூபணமாகக் காட்டுவது நேர்மையாகாது. ஆனால் இதன் பொருத்தத்தைச் சிறிதாக எண்ணவும் கூடாது. பென்சோடயாஸெபினும் மதுவும் மூளையின் அதே ‘காபா’ அமைப்பின் வழியாகவே அமைதி தருகின்றன. மது விலகலுக்கான மருத்துவத்தில் பென்சோடயாஸெபின் முதன்மை பெறுவதும் அதனால்தான். பதற்றத்தைத் தணிக்கவே குடிக்கத் தொடங்கியவர்கள் ஏராளம். வேதிப்பொருள் தரும் உடனடி அமைதிக்கும், வாழ்க்கைப் பார்வை மாறுவதால் மெல்ல வரும் அமைதிக்கும் உள்ள வேறுபாடு சாங்ஷா ஆய்வில் மாதக்கணக்கில் அளந்து காட்டப்பட்டிருக்கிறது. மருந்தும் மெய்யியலும் சேர்ந்தபோது பலன் கூடியது என்பது, தாவோயியத்தை மருத்துவத்துக்குப் போட்டியாக நிறுத்துவோருக்கும் அந்த ஆய்வு தரும் பதில்.

எதிர்வாதங்கள்

தாவோயியர்களே பெருங்குடிகாரர்கள் ஆயிற்றே என்பது முதல் எதிர்வாதம். மூன்றாம் நூற்றாண்டின் ‘மூங்கில் தோப்பின் எழுவர்’ குழுவில் லியு லிங் மதுவின் பெருமையைப் பாடியவர். ருவான் ஜி அறுபது நாட்கள் தொடர்ந்து போதையில் இருந்தார் என்கிறது மரபு. எட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் லி பாய் தாவோயிய தீட்சை பெற்றவர். மதுவை அவர் கவிதையிலிருந்து பிரிக்க முடியாது. சுவாங் ட்சு நூலின் 19ஆம் அத்தியாயமோ வண்டியிலிருந்து விழும் குடிகாரன் சாகாமல் தப்புவதை உதாரணம் காட்டுகிறது. விழுவதை அறியாததால் அவன் உடல் விறைக்கவில்லை, உயிர்நிலை சிதறவில்லை. ஆனால் அந்தப் பகுதியின் வாதம் அடுத்த அடியில்தான் முழுமை பெறுகிறது: மது தரும் முழுமையே இவ்வளவு காக்குமானால், இயற்கையிலிருந்து பெறும் முழுமை எவ்வளவு காக்கும் என்று அது கேட்கிறது. மது அங்கே குறைந்த தரத்து மாற்று. போதை தேடுவது ஓர் உண்மையான தேவையை, தவறான இடத்தில் என்ற பேட்சனின் முடிவை சுவாங் ட்சு முன்பே தொட்டிருக்கிறார். எழுவரின் குடிப்பழக்கத்துக்கு ஒரு காலச்சூழலும் உண்டு. ருவான் ஜி போதையில் மூழ்கியது, அதிகாரத்தைப் பிடித்துவந்த சிமா குடும்பத்தின் சம்பந்தப் பேச்சைத் தவிர்க்கவே என்று சொல்லப்படுகிறது. அதே வட்டத்தைச் சேர்ந்த ஜி காங் கொல்லப்பட்டார். ஆபத்தான அரசியலில் மதுவை மறைவிடமாக்கிய சிலரின் வாழ்க்கையை அந்த மரபின் போதனையாகக் கொள்ள முடியாது.

அதே மரபில் எதிர்த்திசையில் ஓடும் வரலாறும் வலுவானது. முழுமெய்மை நெறி எனப்படும் சுவான்ஜென் பிரிவை நிறுவிய வாங் சோங்யாங் (1113–1170) நடுவயதில் குடியில் திளைத்தவர் என்று அவருடைய வரலாறுகள் கூறுகின்றன. 1159இல் கன்ஹே ஊரில் ஏற்பட்ட ஓர் அகஅனுபவத்துக்குப் பிறகு அவர் வாழ்க்கை திரும்பியது. தனக்கெனக் குழி தோண்டி, அதை உயிரோடிருக்கும் பிணத்தின் கல்லறை என்று அழைத்து, சில ஆண்டுகள் அதில் தவமிருந்தார். 1167இல் கிழக்கே ஷாண்டோங் சென்று சீடர்களைச் சேர்த்தார். மது, காமம், செல்வம், சினம் ஆகிய நான்கையும் விடச் சொல்வது அவருடைய பிரிவின் அடிப்படைப் போதனையாயிற்று. பெய்ஜிங்கின் வெண்மேகக் கோயிலை மையமாகக் கொண்ட அந்தப் பிரிவின் துறவிகளுக்கு மது இன்றும் விலக்கு. மதுவையும் சினத்தையும் ஒரே வரிசையில் வைத்த அந்தப் பட்டியல், குடியைத் தனியான பிழையாகக் காணாமல் பற்றுகளின் குடும்பத்தில் ஒன்றாகக் கண்டது கவனிக்கத்தக்கது.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கூர்மையானது. அது மூலநூலிலேயே இருக்கிறது. சுவாங் ட்சுவின் 28ஆம் அத்தியாயத்தில், அரசவை வாழ்வின் ஆசையை வெல்ல முடியாமல் தவிக்கும் இளவரசர் மோவிடம், வெல்ல முடியாவிட்டால் ஆசையின் வழியே போ, வெல்லவும் முடியாமல் வலிந்து அடக்கினால் அது இரட்டைக் காயம் என்று அறிவுரை சொல்லப்படுகிறது. குடிநோயாளியின் கையில் இது குடிப்பதற்கான அனுமதிச் சீட்டாகிவிடாதா? ஆகலாம், அதனால்தான் மேற்கோள்களை உருவிக் கொடுப்பது ஆபத்து. அந்த உரையாடல் உயிரை மதிப்பதில் தொடங்குகிறது. உயிரின் எடைக்கு முன் மற்றவை இலேசானவை என்பதே முதல் அறிவுரை. ஆசையின் வழியே போவதும் உயிரைக் காக்கும் வரைதான் பொருந்தும். மதுச்சார்பில் ஆசை உயிருக்கு எதிராகத் திரும்பிவிட்டது; அங்கே அதன் வழியே போவதும் காயம், முரட்டுத்தனமாக அடக்குவதும் காயம். லியூலியாங் அருவியில் நீந்துபவர் சுழலோடு உள்ளே போய், எதிர்ச்சுழலோடு வெளியே வருகிறார் என்று 19ஆம் அத்தியாயம் சொல்கிறது. நீரின் போக்கை அறிந்திருப்பதால் அவர் உயிரோடு கரையேறுகிறார். போக்கில் போவதென்றால் அடித்துச் செல்லப்படுவது என்று நினைப்பவர்களுக்கு அவர் விடை.

மூன்றாவது எதிர்வாதம் அறவியல் சார்ந்தது. பணிவும் மென்மையும் ஏற்கெனவே பணிந்து நொறுங்கியவர்களுக்கு மருந்தாகுமா? ஜீன் கர்க்பாட்ரிக் 1970களின் நடுவில் அமெரிக்காவில் ‘விமன் ஃபார் சோப்ரைட்டி’ அமைப்பைத் தொடங்கியதற்கு இந்தக் கேள்வியே காரணம். குடிநோயில் இருக்கும் பெண்களுக்குத் தன்மதிப்பும் தன் வலிமை பற்றிய நம்பிக்கையுமே தேவை என்று அவர் வாதிட்டார். அந்த வாதம் சரியானது. தாவோயியத்தைப் பயன்படுத்துவோர் அதை எப்போதும் நினைவில் வைக்க வேண்டும். பேட்சன் விவரித்த பெருமிதப் போட்டி எல்லாக் குடிநோயாளிகளுக்கும் பொருந்தாது. ஆனால் லாவோ ட்சு மென்மையைத் தாழ்மையாகச் சொல்லவில்லை. உயிருள்ளவை மென்மையானவை, செத்தவை விறைத்தவை என்ற அவதானிப்பிலிருந்து அதை வலிமையின் வடிவமாகவே சொல்கிறார். கைவிடச் சொல்வது போட்டியை, தன்னை அன்று. அடி வாங்கிய ஒருவரிடம் தாவோயியம் பேச வேண்டிய மொழி, போதுமென்று அறிவதும் தன் உயிரை எடை மிகுந்ததாக மதிப்பதும் பற்றியது.

சீனப் பண்பாட்டில் குடிநோய் குறைவு, அதற்குத் தாவோயியம் காரணம் என்று சொல்வோரின் ஆதரவை இந்த வாதம் ஏற்கக் கூடாது. கிழக்காசியரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் காணப்படும் ஒரு மரபணு மாற்றம், மது சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உடலில் தங்கும்படி செய்து முகச்சிவப்பையும் குமட்டலையும் உண்டாக்குகிறது; அது குடிநோயிலிருந்து கணிசமான பாதுகாப்புத் தருவது நன்கு நிறுவப்பட்டது. உயிரியல் தரும் பாதுகாப்பை மெய்யியலின் கணக்கில் எழுதுவது பிழை.

எப்படிப் பயன்படுத்துவது

முயலாமல் இருக்க முயல்வது முரண் அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். அறிஞர் எட்வர்ட் ஸ்லிங்கர்லேண்ட் 2003இலும் 2014இலும் வெளியிட்ட நூல்களில் பண்டைச் சீனச் சிந்தனை முழுவதையும் இந்த முரணைச் சுற்றியே வாசிக்கிறார். இதற்கு வாதத்தால் முழு விடை கிடைக்காது, பழக்கத்தால் கிடைக்கும். டிங் முதலில் முழு மாட்டையே பார்த்தார்; மூன்று ஆண்டுகளுக்குப் பிறகுதான் அந்தப் பார்வை மாறியது. முதல் மாதத்தில் வழியை மாற்றுவதும், வீட்டில் பாட்டில் வைக்காமலிருப்பதும், குழுக் கூட்டத்துக்குப் போவதும் வலிந்து செய்பவையாகவே இருக்கும். அவை பழகிப்போகும்போது வலிந்து செய்யும் தேவை குறைகிறது. ஆகவே தாவோயியம் தனிமையில் படித்து முடிக்கும் நூலாக இருந்தால் பயன் சிறிது. மருத்துவமும், சக மீள்வோரின் துணையும், அன்றாட ஒழுங்கும் உள்ள இடத்தில் அது அவற்றுக்குப் பொருள் தரும்.

ஆலோசகரும் குடும்பத்தினரும் கேட்கும் கேள்வியையும் அது மாற்ற வேண்டும். ஏன் உன்னால் தாங்க முடியவில்லை என்ற கேள்வி போட்டியை மீண்டும் மூட்டுகிறது. எந்த இடத்தில் காரியம் இன்னும் சிறியதாக இருந்தது, அப்போது உடல் என்ன சொன்னது, நாளை அந்த இடத்தை எப்படிக் கடப்பது என்ற கேள்விகள் நோயாளியைத் தன் வாழ்வின் கவனிப்பாளராக்குகின்றன. இதற்கு மேல் ஒரு கடமையும் இருக்கிறது. தாவோயியத்தை மீட்புத் திட்டங்களில் சேர்ப்பவர்கள் சாங்ஷா மருத்துவர்கள் காட்டிய வழியில் செல்ல வேண்டும்: ஒப்பிடும் குழுக்களோடு சோதித்து, ஆறு மாதமும் ஓராண்டும் பின்தொடர்ந்து, குடிக்காத நாட்களை எண்ணி, பலன் இல்லாத பகுதியைக் கைவிட வேண்டும். பழமை ஒரு மருந்தைச் சிறந்ததாக்கிவிடாது. உயிரைப் பணயம் வைத்து மீள வருபவர்களுக்குச் சோதித்துப் பார்த்த ஞானத்தையே தர வேண்டும். அந்தச் சோதனையைத் தாங்கும் சரக்கு தாவோயியத்தில் இருக்கிறது என்று நம்ப இதுவரை கிடைத்த சான்றுகள் போதுமானவை.